வரிசையின் கடைசி லாரி

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, பிரேக்குக்கான இரண்டாவது ஏர் டேங்கின் திருகை விரலால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள் கோரா. முதல் திருகு கை வைத்ததுமே அகப்பட்டது, மூடிவிட்டாள். இதன் மேல் பனி இறுகிக் கிடந்தது. குளிர்காலத்தில் ஓட்டி முடித்ததும் இரண்டு திருகையும் திறந்து, டேங்கில் சேர்ந்த தண்ணீரை வடித்துவிட்டு அப்படியே விட்டுவைப்பார் அப்பா. மறுபடி வண்டியை எடுக்கும்போது மூட வேண்டும். மூடாவிட்டால் ஏர் நிற்காது. ஏர் இல்லாவிட்டால் பிரேக்கை மிதிப்பது கல்லை மிதிப்பது போல் ஆகிவிடும்.

கறுப்பு உடைக்கு மேல் அப்பாவின் பழைய ஓவரால் போட்டிருந்தாள். காலுறைக்குள் ஈரம் ஏறியது.

தலைக்குப் பக்கத்தில் இரண்டு கறுப்பு ஷூக்கள் வந்து நின்றன.

"அடக்கத்துக்குக் கிளம்பற லட்சணமா இது?" என்றாள் அம்மா ஆர்லீன். "தலைமுடியில கிரீஸ் பட்டா போகாது, சொல்லிட்டேன். உங்கப்பாவோட தலையணை உறை ஒண்ணாவது வெள்ளையா இருந்துச்சா?"

"இதோ ஆச்சும்மா."

"மிஸ்டர் டைக் வந்துட்டார். உங்கிட்ட ஏதோ பேசணுமாம். வெளிய வா."

கோரா திருகுக்கு அரைச் சுற்றுக் கொடுத்தாள். அதற்கு மேல் அது நகரவில்லை. சரி, மூடிக்கொண்டது என்று நினைத்து வெளியே உருண்டு வந்தாள்.

வாசலில் நின்ற லாரி அவளைவிட ஒரு ஆள் உயரம் கூடுதல். பத்துச் சக்கரம், பாசிப் பச்சை நிறம், தார்ப்பாய்க் கூரை. ராணுவம் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்து, நாற்காலித் தொழிற்சாலை வேலை போக மிச்ச நேரமெல்லாம் அதற்கே கொடுத்தவர் அப்பா ஹார்வி சைல்ஸ்ட்ரா. அதை வைத்து அவர் பிழைக்கவில்லை. விறகு ஏற்றுவார். டிசம்பரில் சர்ச்சுக்கு மரம் கொண்டு வருவார். கோடையில் இதே பைத்தியம் பிடித்த மற்றவர்களோடு வரிசை கட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போவார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தவர், உப்பு போதவில்லை என்று எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் அம்மா இதையே சொன்னாள். கடைசியில், "உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

மிஸ்டர் டைக் இந்த வட்டாரத்தில் சவ அடக்கம் செய்யும் குடும்பத்தின் மூன்றாவது தலைமுறை. கையுறையைக் கழற்றி கோராவுக்குக் கை கொடுத்தார். அவள் கையில் இருந்த எண்ணெயைப் பார்த்த பிறகும் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதே கோரா. முன்னாடியே சொல்லிடறேன். ஏரிப் பக்கமிருந்து பனி வருது. மத்தியானத்துக்கு மேல கல்லறை மேட்டுப் பாதைய மூடிடுவாங்க. பாஸ்டரும் அதுக்குள்ள முடிச்சாகணும்னு சொல்லிட்டார். அதனால வழியில எந்த வண்டி நின்னாலும் என்னால காத்திருக்க முடியாது. போய்க்கிட்டே இருப்பேன். போனதும் பெட்டிய இறக்கிடுவோம்."

"புரியுது."

"அதான் கேக்கறேன். நீயும் என் வண்டியிலேயே அம்மா பக்கத்துல உக்காந்து வந்துடேன். இந்த லாரி..." அவர் அதை அண்ணாந்து பார்த்தார். "இது வந்துதான் ஆகணுமா?"

அதையேதான் கோராவும் விடிந்ததிலிருந்து தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இதைக் கடைசியாக ஓட்டியபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. அதுவும் புளூபெர்ரித் தோட்டத்துக்குள். இப்போது கிராண்ட் ராப்பிட்ஸில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. நாள் முழுக்க மற்றவர்களின் பல்லில் காறை சுரண்டுகிறாள். வழியில் நின்றுபோனால் அப்பாவைக் குழியில் இறக்கும்போது அவள் இருக்க மாட்டாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "வரணும்."

"இல்ல ஆர்லீன், நான் என்ன சொல்றேன்னா..."

"முப்பது வருஷமா என் துணியெல்லாம் டீசல் நாத்தம், மிஸ்டர் டைக். சர்ச்சுல என் பக்கத்துல உக்காரவே யோசிப்பாங்க. இன்னிக்கு இது வரலேன்னா, ஹார்விய அடக்கம் பண்ற மாதிரியே எனக்கு இருக்காது. வேற யாரையோ கொண்டு போற மாதிரி இருக்கும்." கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். "இவ ஓட்டுவா."

மிஸ்டர் டைக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"அப்பாவோட லாரிக்காரங்கள டூவேன் கூட்டிட்டு வர்றதாச் சொன்னானே, எத்தன பேரும்மா?" என்று கேட்டாள் கோரா.

"நாலஞ்சு பேர்னு போன்ல சொன்னான். இந்தப் பனியில அதுவே அதிகம். அதுக்குத் தகுந்த மாதிரிதான் அடக்கம் முடிஞ்சு சாப்பிட சர்ச்சுல ஹாம் பன் சொல்லி வச்சிருக்கு."

முதலில் சத்தம் கேட்கவில்லை. களஞ்சியக் கூரையின் விளிம்பில் ஈட்டி ஈட்டியாகத் தொங்கிய பனி நடுங்கியது. ஒன்று உடைந்து விழுந்தது. பிறகுதான் அந்த விசில் வந்தது. இந்த லாரிகளின் எஞ்சின் மூச்சு வாங்கும்போது எழும் நீண்ட விசில். கோரா அதை ஒற்றையாகத்தான் கேட்டிருக்கிறாள், அப்பா திரும்பி வரும் மாலைகளில், பாத்திரம் கழுவும்போது. இப்போது அது ஒன்றின் மேல் ஒன்றாக, வேறு வேறு சுருதியில், பனிக்குள் எந்தத் திசை என்று தெரியாமல் ஏறி வந்தது.

சாலையின் திருப்பத்தில் முதல் லாரியின் மூக்கு தெரிந்தது. அதன் பின்னால் இன்னொன்று. பின்னால் தொட்டி வைத்த ஒன்று, கிரேன் வைத்த ஒன்று, சிலுவைக் குறி மங்கிப்போன ஆம்புலன்ஸ் லாரி, நடுநடுவே ஜீப்புகள். கோரா எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். ஒஹாயோ, இந்தியானா, அயோவா நம்பர் பலகைகள். விஸ்கான்சினிலிருந்து வந்தவர்கள் ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். தார்ப்பாய்க் கூரைக்குள் ஹீட்டர் என்று பேருக்கு ஒன்று இருக்கும். இறங்கியவர்களின் தாடியிலும் புருவத்திலும் பனி ஒட்டியிருந்தது.

கடைசி வண்டி சாலையில் வந்து நிற்கும்போது, முதல் வண்டி அடுத்த பண்ணையின் எல்லையைத் தாண்டியிருந்தது.

அம்மா வாசலில் அப்படியே நின்றாள். கையை எடுத்து வாய் மேல் வைத்துக்கொண்டாள்.

"கர்த்தரே," என்றாள். "ஹாம் பன் பத்தாதே."

முதல் லாரியிலிருந்து இறங்கிய டூவேன் போஸ்ட்மா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். விதை வியாபாரி. களஞ்சியக் கதவு அகலத்துக்கு ஆள். வரிசைக்கு எப்போதும் அவன்தான் தலை.

"நாலஞ்சு பேர்னு சொன்னியே டூவேன்!"

"நான் நாலஞ்சு பேர்கிட்டதான் சொன்னேன், ஆர்லீன். அவனுங்க ஊருக்கெல்லாம் சொல்லிட்டானுங்க." அவன் அம்மாவைக் குனிந்து கட்டிக்கொண்டான். அம்மா அவன் கோட்டுக்குள் காணாமல் போய்த் திரும்பி வந்தாள்.

அவன் பின்னால் ஒரு குட்டையான பெண்மணி வந்தாள். ஆண்பிள்ளை பூட்ஸ், கழுத்தில் மூன்று மப்ளர். பெவ் கைப்பர்ஸ். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஐந்து டன் லாரி ஒன்று வைத்திருந்தாள். கோராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் பல்லுக்காரப் பொண்ணா? என் வாயப் பாக்காதே கண்ணு. பயந்துடுவே."

கோராவுக்கு இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"பெட்டி இருக்கற கறுப்பு வண்டி முன்னாடி போகும்," என்றான் டூவேன். "அதுக்குப் பின்னாடி நான். கடைசிக்கு முந்தி பெவ். கடைசி இடம் உனக்கு, கோரா."

"சரிதான். அப்பா வண்டி மெதுவாத்தானே போகும்."

டூவேனும் பெவ்வும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெதுவாவா? எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னேன்," என்றாள் அம்மா. "நீங்கல்லாம் ஞாயித்துக்கிழமையே வீடு திரும்பிடுவீங்க. இவர் செவ்வாய், புதன்னு வந்து நிப்பார். கேட்டா, எதிர்க்காத்து ஆர்லீன்னு சொல்வார்."

"எதிர்க்காத்தா!" பெவ் தலையை அண்ணாந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எங்க எல்லாத்துலயும் நல்ல எஞ்சின் ஹார்வியோடதுதான் ஆர்லீன். வழியில எவன் வண்டி படுத்தாலும் அத எழுப்பிவிடற வரைக்கும் அங்கயே இருப்பார். அதுக்குத்தான் அவருக்குக் கடைசி இடம். நெப்ராஸ்கால என் கியர்பாக்ஸ் விட்டுப்போச்சு. மூணு நாள் ரோட்டோரத்துல எங்கூட கெடந்தார். அவர் போட்ட காபியக் குடிச்சும் நான் பொழச்சேன்."

"எந்த வருஷம்?"

"என் சின்னவனுக்குக் கல்யாணம் ஆன வருஷம். ஜூன் மாசம்."

அம்மா எதையோ மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது போல் நின்றாள். பிறகு லாரியைப் பார்த்தாள். வீட்டுக்குள் நுழைந்த அந்நியரைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

மிஸ்டர் டைக் தொண்டையைச் செருமினார். அம்மா அவரோடு நடந்து போய் அமரர் ஊர்தியின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். கோராவின் கைப்பேசியும் அம்மாவின் கைப்பையிலேயே போய்விட்டது.

ஓவராலைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் போட்டுவிட்டு கோரா ஏறினாள். இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. பேட்டரி கைப்பிடியைத் தள்ளி, பொத்தானை அமுக்க வேண்டும். எஞ்சின் ஒரு தடவை கனைத்தது, இரண்டு தடவை கனைத்தது, பிறகு கறுப்பாகப் புகைவிட்டுப் பிடித்துக்கொண்டது. உடனே எச்சரிக்கை மணி கத்த ஆரம்பித்தது. ஏர் அழுத்தம் காட்டும் முள் அறுபதைத் தொடும் வரை அது நிற்காது. காதைப் பிடுங்கும் சத்தம்.

முன்னால் டூவேன் பெவ்வின் லாரி பம்பர் மேல் ஏறி நின்று எல்லோருக்கும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டினான். எல்லோரும் தலையாட்டினார்கள். மணிச் சத்தத்தில் கோராவுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. முள் அறுபதைத் தாண்டி மணி அடங்கியபோது, அவர்கள் வண்டிகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பினார்கள்.

இரண்டாவது கியருக்குப் போகும்போது பல் கடித்தது போல ஒரு சத்தம். இந்த வண்டியில் கிளட்ச்சை இரண்டு தரம் மிதித்து மாற்ற வேண்டும், மறந்துவிட்டாள். முன்னால் பெவ்வின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்தியது. கேலியா, பாராட்டா தெரியவில்லை. மூன்றாவது கியர் ஒழுங்காக விழுந்தது. அவள் காலுக்கு அது நினைவிருந்தது, அவளுக்குத்தான் இல்லை.

பனி பெரிய பெரிய இறகாக விழுந்தது. இரு பக்கமும் புளூபெர்ரித் தோட்டங்கள்; இலை உதிர்ந்த செடிகளின் சிவப்புத் தண்டுகள் வெள்ளையில் வரிசை வரிசையாகக் குத்தி நின்றன. பண்ணை வாசல்களில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். பனி தள்ளும் வண்டிக்காரர் ஓரமாக ஒதுங்கி, விளக்கை அணைத்து, தொப்பியை எடுத்தார். முதல் வண்டிக்குத்தான் எடுத்திருப்பார் என்று நினைத்தாள். கடைசியாக அவள் கடந்தபோதும் தொப்பி கையில்தான் இருந்தது.

சாலை இறங்கி ஏறி இறங்கியது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் ஏர் முள் கொஞ்சம் சரிந்தது. மிதித்தால் சரிவது வழக்கம்தான். திரும்பி ஏற வேண்டும். ஏறவில்லை.

எண்பது. எழுபது. வண்டியின் அடியிலிருந்து ஒரு சீறல் வருவது இப்போது கேட்டது.

அந்தத் திருகு. அரைச் சுற்று. அது மூடிக்கொள்ளவே இல்லை. ஓட்டையில் பனிக்கட்டி அடைத்திருந்திருக்கிறது. வண்டி சூடேறியதும் அது உருகிப் பிய்த்துக்கொண்டுவிட்டது.

மணி கத்த ஆரம்பித்தது.

முன்னால் மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஏரியை நோக்கி நீளமான இறக்கம்; சின்ன வயதில் அதில்தான் சறுக்கி விளையாடுவார்கள். கல்லான பிரேக்கோடு, பனியில், பெவ்வின் முதுகைப் பார்த்துக்கொண்டு அதில் இறங்க முடியாது. நின்றால் அப்பாவின் அடக்கம் போய்விடும்.

ஹாரனை அமுக்கினாள். அதுவும் ஏரில்தான் வேலை செய்யும். ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.

கோரா வண்டியை ஓரம் கட்டினாள். பெவ்வின் லாரி மேட்டின் உச்சியில் ஒரு கணம் வானத்தை முட்டி நின்றது. பிறகு அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். வெறும் சாலை. இவளுக்குப் பின்னால் யாரும் இல்லை, இவள்தான் கடைசி.

எஞ்சினை ஓட விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை வைத்து, கதவுப் பையிலிருந்த இடுக்கியை எடுத்துக்கொண்டு கறுப்பு உடையோடு அடியில் நுழைந்தாள். சீறல் முகத்தில் அடித்தது. திருகின் மேல் எண்ணெயும் ஈரமும். இடுக்கி வழுக்கியது. மறுபடி வழுக்கியது. பெட்டிய இறக்கிடுவோம் என்று மிஸ்டர் டைக் சொன்னது காதில் ஓடிக்கொண்டே இருந்தது. இறக்கிக்கொண்டிருப்பார்கள் இந்நேரம்.

அவசரப்படாதே என்று வேலையிடத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு அவள் சொல்வதுண்டு. கடைவாய்ப் பல்லின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலால்தான் பார்க்கணும். இடுக்கியைக் கீழே வைத்தாள். கையுறையைக் கழற்றினாள். விரல் நுனியால் திருகின் மறையைத் தடவினாள். ஓரத்தில் ஒரு பனித் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தாள். பிறகு திருகினாள். அரைச் சுற்று, ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

சீறல் நின்றது.

மேலே ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினாள். முள் எழுந்திருக்க யோசித்தது. மணி கத்திக்கொண்டே இருந்தது. செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஏர் பிடிக்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். இப்படி எத்தனை ஜூன் மாதங்களில் எந்தெந்தச் சாலையோரத்தில் அப்பா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். வீட்டில் அம்மா சாப்பாட்டை மூடி வைத்து, எடுத்து, மறுபடி மூடி வைப்பாள்.

மணி நின்றது. அந்த அமைதி ஒரு ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல் இருந்தது.

மரக்கட்டைகளை எடுத்துப் போட்டுக்கொண்டு மேடேறினாள். எப்படியும் முடிந்திருக்கும். பரவாயில்லை. லாரி கல்லறை வரைக்கும் வந்தது என்றாவது அம்மாவிடம் சொல்லலாம்.

உச்சியில் அவள் கால் தானாகவே கிளட்ச்சை மிதித்தது.

இறக்கம் முழுக்க லாரிகள் நின்றுகொண்டிருந்தன.

உச்சிக்குச் சற்றுக் கீழே பெவ்வின் லாரி. அதற்கு முன்னால் அடுத்தது. அதற்கு முன்னால் அடுத்தது. சம இடைவெளியில், ஓரம் கட்டி, பின்விளக்குகள் சிவப்பாக எரிய, தோட்டங்களைத் தாண்டி, திருப்பத்தைத் தாண்டி, ஏரியோரச் சாலையில் இடது பக்கம் வளைந்து, பனிக்குள் கண் எட்டும் வரை. கண் எட்டாத இடத்திலும் நிற்கின்றன என்பது அந்தச் சிவப்புப் புள்ளிகள் மங்கி மங்கிப் போனதில் தெரிந்தது. ஒவ்வொரு வண்டியின் பக்கத்திலும் ஓட்டி வந்தவர் தரையில் இறங்கி நின்றார். எல்லோரும் திரும்பி நின்றார்கள். எல்லோர் முகமும் இந்த மேட்டைப் பார்த்திருந்தது. தோளில் பனி ஏறியிருந்தது. யாரும் கைகாட்டவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவரும் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

அத்தனை எஞ்சின்களும் ஒன்றாக முனகிய சத்தம் தரை வழியாக வந்து ஸ்டியரிங்கில் ஏறி அவள் மணிக்கட்டைத் தொட்டது.

கோரா மெல்ல இறங்கி பெவ்வுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

பெவ் அவளைப் பார்த்தாள். முன்பக்கம் திரும்பி வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு வட்டம் போட்டாள். அதைப் பார்த்து அடுத்த வண்டிக்காரர் கையைத் தூக்கினார். அடுத்தவர். அதற்கு அடுத்தவர். கைகள் ஒவ்வொன்றாக எழுந்து இறக்கத்தில் ஓடின; திருப்பத்தைக் கடந்தன; ஏரியோரமாக வளைந்து, சிறிதாகி, பனிக்குள் போய்ச் சேர்ந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, கண்ணுக்குத் தெரியாத அந்த முனையிலிருந்து, வரிசை நகரத் தொடங்கியது.

கோராவின் முறை வருவதற்கு வெகுநேரம் ஆயிற்று.

கல்லறை மேட்டு வாசலில் மிஸ்டர் டைக் நின்றுகொண்டிருந்தார். பெட்டி இன்னும் வண்டிக்குள் இருந்தது. பாஸ்டர் பைபிளைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருந்தார். கோரா லாரியை விட்டு இறங்கி ஓடி வந்தாள்.

"மன்னிச்சுடுங்க மிஸ்டர் டைக். காத்திருக்க மாட்டேன்னு சொன்னீங்க..."

"காத்திருக்கறதா எனக்கு உத்தேசமே இல்ல," என்றார் அவர். "டூவேன் பின்னாடி நின்னுட்டார்னு கண்ணாடியில பாத்தேன். நான் போய்க்கிட்டுதான் இருந்தேன். உங்கம்மா நிறுத்துங்கன்னாங்க. முடியாதுன்னேன். கைய நீட்டிச் சாவியத் திருப்பிப் புடுங்கிட்டாங்க." அவர் குரல் தாழ்ந்தது. "முப்பது வருஷத்துல என் வண்டியில யாரும் அப்படிப் பண்ணினதில்ல."

"சாவி?"

"குடுத்துட்டாங்க. பின்னாலிருந்து கை தூக்கிக் காட்டினது எங்ககிட்ட வந்து சேந்தப்புறம்."

அம்மா அமரர் ஊர்திக்குப் பக்கத்தில் நின்றாள். மகளின் ஈர உடையையும் கறுத்த விரல்களையும் பார்த்தாள். அந்த விரல்களை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள், தன் கையோடு, வைத்துக்கொண்டாள்.

பெட்டியை இறக்க ஆட்கள் கூடினார்கள். கோரா பெவ்விடம் நகர்ந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுது? நீங்க அந்தப் பக்கம் இறங்கிட்டீங்களே."

"பின்னாடி வர்றவன் கண்ணாடியில தெரியலேன்னா நிக்கணும். முன்னாடி போறவன் நம்மப் பாத்து நிப்பான். அதுக்கு முன்னாடி போறவன் அவனப் பாத்து. கிளம்பறப்ப டூவேன் அதத்தானே கத்தினான்?"

"மணிச் சத்தத்துல கேக்கல." கோரா தயங்கினாள். "யாராவது வந்து பாத்திருக்கலாமே. நான் அங்க தனியா..."

பெவ் மூக்கை மப்ளரில் துடைத்துக்கொண்டாள்.

"மத்த எந்த வண்டி நின்னாலும் போய்ப் பாப்போம் கண்ணு. கடைசி வண்டி நின்னா போக மாட்டோம். அங்க என்ன செய்யணும்னு தெரிஞ்ச ஆள் இருக்குன்னு அர்த்தம். நின்னு காத்துக்கிட்டு இருப்போம். அவ்வளவுதான்."

பிறகு கோராவின் கன்னத்தைப் பார்த்தாள். "கிரீஸ். இந்தப் பக்கம்." தன் கன்னத்தில் காட்டினாள். துடைக்கச் சொல்லவில்லை.

ஆறு பேர் பெட்டியைத் தூக்கி வந்து குழிக்கு மேல் இருந்த பட்டைகளில் வைத்தார்கள். டூவேன் கடைசியாகக் கையை எடுத்தான். பாஸ்டர் பக்கத்தைத் திருப்பினார். காற்று அவர் குரலைப் பாதி கொண்டுபோயிற்று.

லாரிகள் மேட்டைச் சுற்றி நின்றன. ஒவ்வொன்றாக எஞ்சின்களை நிறுத்தியிருந்தார்கள். ஆறிக்கொண்டிருந்த இரும்பு அங்கும் இங்கும் டிக் டிக்கென்றது. பனி அடர்த்தியாக விழுந்தது. லாரிகளின் மூக்கில் விழுந்த பனி, விழுந்த உடனே தண்ணீராகி வழிந்தது. முன்வரிசையில் நின்றவர்கள் மேல் விழுந்தது, கொஞ்ச நேரம் இருந்து கரைந்தது.

பெட்டியின் மேல் விழுந்தது அப்படியே இருந்தது.